நாலாம் ஜுரத்துக்கு முன் எக்டைசோன் தெளித்தால் புழு ஒன்றாகப் படுக்குமா?

வேப்பனப்பள்ளித் தோட்டம் · ஜூன் 3, இரவு 9.40

வெண்பட்டு இரட்டைக் கலப்பினப் பட்டுப்புழு, 150 முட்டைத் தொகுதி (ஒரு தொகுதி என்றால் ஒரு அந்துப்பூச்சி இட்ட முட்டை) ஓடுகிறது. நாலாம் ஜுரத்துக்கு, அதாவது புழு நாலாவது தடவை தோலுரிக்கப் படுப்பதற்கு, இன்னும் ஒன்றரை நாள் இருக்கு. பத்துக்கு மூணு புழு பின்தங்கி நிற்குது. போன பேட்ச்சில் பழுக்க வைக்க (கூடு கட்டும் நிலைக்குக் கொண்டுவர) வாங்கின தாவர எக்டைசோன் கரைசல் பாதி பாட்டில் மிச்சம். எக்டைசோன்தானே தோலுரிப்பு ஹார்மோன்? பின்தங்கினதுக்கு இலையில் தெளித்துப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் படுக்கும், ஒரே நேரத்தில் எழும். இதைச் செய்யக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

எல்லைத்தட்டு · ஜூன் 3, இரவு 10.15

தெளிக்காதீங்க அண்ணா. பாட்டிலை மூடி நிழலில் வையுங்க. காரணம் பெரிசு, காலையில் எழுதுறேன்.

ராத்திரிக்கு ஒரே வேலை: படுக்கையில் இடம் விடுங்க. 150 தொகுதி என்றால் 60,000 புழுவுக்கு மேல் இருக்கும், சின்னதைக் கையால் பொறுக்க முடியாது. நெருக்கத்தில் பெரிசு மேலே ஏறித் தின்னும், சின்னது அடியில் வாடின இலையைத் தின்னும். பின்தங்குவது பாதி இதனால்தான்.

எல்லைத்தட்டு · ஜூன் 4, காலை 6.30

இப்போது காரணம்.

நம்ம பக்கம் ஜுரம் என்கிறோம், எல்லைக்கு அந்தப்பக்கம் தெலுங்கிலும் ஜ்வரம்தான். தொட்டுப் பார்த்தால் சூடு இருக்காது. புழு தின்னாமல், நகராமல், தலையைத் தூக்கிக் கிடப்பதைப் பார்த்து வைத்த பேர். அந்த இருபத்துச் சொச்சம் மணி நேரத்தில் உள்ளே ஒரு ஹார்மோன் ஏறி இறங்கி முடிந்திருக்கும். ஏறுவதைப் பற்றி எல்லாப் பாடப் புத்தகமும் பேசுகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் இறங்குவதில் இருக்கு.

வரிசை இது. புழுவின் மூளையில் பக்கத்துக்கு இரண்டாக நாலு பெரிய நரம்பு செல்கள். அவை பி.டி.டி.எச். என்ற புரத ஹார்மோனை விடுகின்றன. மூளை இல்லாவிட்டால் உருமாற்றம் நடக்காது என்பதை ஸ்டெஃபான் கோபெச் என்ற போலந்துக்காரர் ஜிப்ஸி அந்துப்பூச்சிப் புழுவில் காட்டி 1917-லேயே எழுதிவிட்டார். பி.டி.டி.எச். போய்ச் சேரும் இடம் முன்மார்புச் சுரப்பி. தலைக்குப் பின்னால், முதல் மூச்சுத்துளைக்கு உள்பக்கம், காற்றுக்குழாய்களை ஒட்டிக் கிடக்கும். 1940-ல் ஜப்பானில் ஃபுகுடா நம்ம பட்டுப்புழுவை நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு முன்பக்கம் கூட்டுப்புழுவாகி, பின்பக்கம் புழுவாகவே நிற்பதைக் காட்டினார். சுரப்பி இருக்கும் இடம் அதில் பிடிபட்டது.

அந்தச் சுரப்பி கொலஸ்டிராலில் இருந்து எக்டைசோனைச் செய்கிறது. பூச்சிக்குச் சொந்தமாகக் கொலஸ்டிரால் செய்யத் தெரியாது. மல்பெரி இலையில் இருக்கும் சிட்டோஸ்டிராலை வாங்கி மாற்றிக்கொள்கிறது. 1954-ல் பூட்டெனாண்டும் கார்ல்சனும் எக்டைசோனை முதல் தடவை படிகமாகப் பிரித்தார்கள். 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவில் இருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். நீங்க வைத்திருக்கிற பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்க. எவ்வளவு கொஞ்சத்தில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது புரியும்.

ஹார்மோன் செல்லுக்குள் போனதும் இ.சி.ஆர்., யு.எஸ்.பி. என்ற இரண்டு புரதம் ஜோடியாகச் சேர்ந்த ஏற்பியில் உட்காருகிறது. இந்த ஜோடி ஹார்மோன் இல்லாத நேரத்திலும் டி.என்.ஏ. மேல்தான் இருக்கும், ஆனால் மரபணுவைத் திறக்க விடாத புரதங்களைக் கூடப் பிடித்து வைத்திருக்கும். ஹார்மோன் வந்து உட்கார்ந்தால் அவை விலகி, திறக்கும் புரதங்கள் வந்து சேரும். முதலில் திறப்பவை இ-74, இ-75, பிராட் போன்ற சில மரபணுக்கள். அவற்றில் இருந்து வரும் புரதங்கள் அடுத்த வரிசை மரபணுக்களைத் திறக்கின்றன, தாங்கள் வந்த முதல் வரிசை மரபணுக்களையும் மூடுகின்றன.

இதைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 1960-ல் கிளெவரும் கார்ல்சனும் கைரோனமஸ் என்ற கொசு மாதிரி ஈயின் புழுவுக்கு எக்டைசோன் ஊசி போட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் பெரிய குரோமோசோமில் ஒரு மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட இடங்கள் உப்பி எழுந்தன. உப்பின இடத்தில் மரபணு திறந்து ஆர்.என்.ஏ. எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு ஹார்மோன் நேராக மரபணுவைத் திறக்கிறது என்று உலகத்துக்கு முதலில் தெரிந்தது பூச்சியில்தான். பிறகு 1974-ல் ஆஷ்பர்னரும் கூட இருந்தவர்களும் பழ ஈயில் வைத்து முந்தின உப்பல், பிந்தின உப்பல் என்று பிரித்தார்கள். புரத உற்பத்தியை மருந்து போட்டு நிறுத்தினால் முந்தினவை உப்பும், ஆனால் அடங்காது. பிந்தினவை வரவே வராது.

இனிதான் முக்கியமான இடம். ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போது எச்.ஆர்-3 என்ற மரபணு வேலை செய்து, எஃப்.டி.இசட்-எஃப்-1 என்ற இன்னொன்றுக்கு ஏற்பாடு பண்ணி வைக்கும். எஃப்.டி.இசட்-எஃப்-1 ஹார்மோன் இறங்கினால் மட்டுமே திறக்கும். புழுவை உடம்பை அசைத்துப் பழைய தோலில் இருந்து வெளியே வரச் செய்யும் இ.டி.எச். ஹார்மோன் காற்றுக்குழாய் ஓரத்து இன்கா செல்களில் தயாராகிறது. தயாராவதற்கு எக்டைசோன் வேண்டும். வெளியே விடுவதற்கு எக்டைசோன் இறங்கியிருக்க வேண்டும். புகையிலைக் கொம்புப்புழுவில் இறங்குகிற நேரம் பார்த்து ஹார்மோனை ஊசியில் ஏற்றினார்கள். போட்ட அளவுக்குத் தக்கபடி தோல் கழற்றுவது தள்ளிப்போனது.

அப்போது நீங்க சொன்ன யோசனையில் என்ன நடக்கும்? தெளித்த இலையில் அதிகம் தின்கிறது பெரிய புழு, ஹார்மோன் அதிகம் போவதும் அதற்கே. படுத்துவிட்ட புழு தின்னாது, அதற்கு ஒன்றும் போகாது. பின்தங்கின புழு கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கும், ஹார்மோன் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். உச்சம் வந்து சட்டென்று இறங்க வேண்டிய ஒன்று இறங்காமலே நிற்கும். புதுத் தோல் பழைய தோலுக்குள் தயாராகி, கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

எல்லைத்தட்டு · ஜூன் 4, காலை 7.05

மேலே ஒரு திருத்தம். எக்டைசோன், எக்டைசோன் என்று எழுதிக்கொண்டே போனேன். சுரப்பி விடுவது எக்டைசோன். கொழுப்புத் திசு, குடல் மாதிரி இடங்களில் அதில் இன்னொரு ஹைட்ராக்ஸில் சேர்ந்து 20-ஹைட்ராக்ஸி எக்டைசோன் ஆகும். ஏற்பியில் பலமாக உட்காருவது இதுதான். தாவரக் கரைசலில் இருப்பதும் இதே பொருள். அதனால் பாட்டிலில் இருப்பது வேலை செய்ய உடம்பின் அனுமதி எதுவும் தேவையில்லை. ஆபத்தும் அதில்தான்.

சாக்கி அறை · ஜூன் 4, பகல் 1.20

தலை ஓடு, அதாவது புழுத் தலையின் கெட்டி மூடி, அதைப் பற்றி நான் சேர்க்கிறேன். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு அஜுகா என்ற செடியின் சாற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்த சோதனையில், பழைய தலை ஓடு கழலாமல் அதற்குள்ளேயே புது ஓடு உண்டாகி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நின்றது. வாய் மூடிப்போய்த் தின்ன முடியாமல் செத்தன. அந்தச் செடியில் இருந்தது தாவர எக்டைசோன்தான்.

ஒரு கேள்வி எனக்கும். இவ்வளவு ஆபத்து என்றால் நாலாம் ஜுரத்துக்குப் பிறகு வரும் கடைசிப் பருவமான அஞ்சாம் பருவத்தில் அதே கரைசலைத் தெளித்துப் புழுவை ஒன்றாகப் பழுக்க வைக்கிறோமே, அங்கே எப்படிச் சரியாகிறது?

எல்லைத்தட்டு · ஜூன் 4, இரவு 9.50

நல்ல கேள்வி. பதில் இரண்டாவது ஹார்மோனில் இருக்கு, ஜுவனைல் ஹார்மோன். மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கார்ப்பொரா அலாட்டா என்ற சின்ன உருண்டைகள் இதைச் சுரக்கின்றன. ஜுவனைல் இருக்கும்போது எக்டைசோன் வந்தால் புழு தோலை உரித்து மறுபடி புழுவாகும். ஜுவனைல் இல்லாதபோது எக்டைசோன் வந்தால் தீனியை விட்டு, குடலைக் காலி செய்து, அலைந்து, நூல் விடும்.

மரபணு அளவில்: ஜுவனைல் ஹார்மோன் மெட் என்ற ஏற்பியில் உட்காரும். அது கே.ஆர்.-எச்.-1 என்ற மரபணுவைத் திறக்கும். கே.ஆர்.-எச்.-1 இருக்கிறவரை கூட்டுப்புழுவுக்கான பிராட் பெரிய அளவில் எழ முடியாது, அந்துப்பூச்சிக்கான இ-93-ம் எழ முடியாது. அஞ்சாம் பருவத்தில் மூணு நாள் போனதும் ரத்தத்தில் ஜுவனைல் ஏறக்குறைய காணாமல் போகிறது. அதற்குப் பிறகு வரும் எக்டைசோனுக்கு அர்த்தமே வேறு.

அதனால்தான் பழுக்க வைக்கும் கரைசலுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். தட்டில் நூற்றுக்கு 5 முதல் 10 புழு பழுத்துத் தெரியும்போது, மற்றதின் உடம்பிலும் ஜுவனைல் போய், பட்டுச் சுரப்பி நிறைந்து, சொந்த எக்டைசோன் ஏறத் தொடங்கியிருக்கும். நாம் வெளியில் இருந்து கொடுப்பது அந்த ஏற்றத்தைச் சில மணி நேரம் முன்னால் இழுக்கிறது. ஒரு நாள் வாக்கில் எல்லாம் சந்திரிகைக்கு (புழு கூடு கட்டும் தட்டு) வந்துவிடும். ஒரே வேளை தின்னக் கொடுத்தால் போதும், ஏனென்றால் அதற்குப் பிறகு புழு தானே தீனியை விட்டுவிடும். இலையில் மிச்சம் இருந்தாலும் உள்ளே போகாது. நாலாம் ஜுரத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜுரத்தில் இருந்து எழுந்த புழு பசியோடு அந்த மிச்ச இலையைத்தான் முதலில் கடிக்கும்.

சொல்லைப் பற்றி ஒன்று. நாம் பழுத்த புழு என்கிறோம், தெலுங்கில் பண்டு புருகு, கன்னடத்தில் ஹண்ணு ஹுளு. மூணும் ஒரே பொருள். உடம்பு கண்ணாடி மாதிரி மஞ்சளாகி ஒளி ஊடுருவுவதைப் பார்த்து மூணு மொழிக்காரரும் பழத்தைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

எல்லைத்தட்டு · ஜூன் 5, காலை 5.45

நேற்று எழுதியதில் ஒரு வரி தப்பாகப் புரியலாம். ஜுவனைல் ஹார்மோன் தோலுரிப்பைத் தடுப்பதில்லை. அது உரித்த பிறகு என்ன ஆக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ‘ஜே.எச். (ஜுவனைல் ஹார்மோன்) இருந்தால் தோலுரிப்பு நின்றுவிடும்’ என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். முதல் நாலு ஜுரமும் ஜே.எச். இருக்கும்போதுதான் நடக்கின்றன.

வேப்பனப்பள்ளித் தோட்டம் · ஜூன் 5, காலை 8.10

தெளிக்கவில்லை. பெரிசு படுக்க ஆரம்பித்திருக்கு. படுத்ததா இல்லையா என்று கண்ணில் எதைப் பார்த்து முடிவு பண்ணுவது? இலையை எப்போது நிறுத்துவது?

எல்லைத்தட்டு · ஜூன் 5, காலை 8.40

ஒரு புழுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, கையால் இழுக்காமல் அது இருக்கும் இலையோடு எடுங்க.

படுக்கப் போகும் புழுவின் தோல் இறுக்கமாக, பளபளப்பாக, கொஞ்சம் கண்ணாடித் தன்மையோடு இருக்கும். உடம்பு பெருத்து, அதற்குப் பொருந்தாத சின்னத் தலை. பிறகு இலையில் பட்டு நூலால் மெல்லிய விரிப்பு போட்டு, வயிற்றுக் கால்களின் கொக்கியை அதில் மாட்டும். தலையும் மார்பும் மேலே தூக்கி நிற்கும். சில மணி நேரம் கழித்துத் தலை ஓட்டுக்குப் பின்னால், கழுத்துப் பக்கம் முக்கோணமாக ஒரு கருமை தெரியும். பழைய தலைக்குள் இடம் போதாமல் புதுத் தலை ஓடு பின்னால் தள்ளி உருவாகி, பழைய தோல் வழியாகத் தெரிகிற நிழல் அது. அந்த முக்கோணம் தெரிந்துவிட்டால் எக்டைசோன் உச்சத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புழு ஜுரத்தை விட்டுத் திரும்பாது.

கழற்றும்போது தலை ஓடு தனியாகக் கழன்று விழும். உடம்பு அலை அலையாகச் சுருங்கி, தோல் பின்னால் நழுவும். நூல் விரிப்பில் கால் மாட்டியிருப்பதால்தான் தோல் அங்கேயே நிற்க, புழு முன்னால் வெளியே வர முடிகிறது. படுத்த புழுவைத் தட்டு மாற்றினால், படுக்கையைக் கிளறினால் இந்தப் பிடி அறுந்துபோகும். தோல் பாதி கழன்று வாலில் வளையமாக இறுகி நிற்கும் புழுக்களைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் அது நம்ம கை வேலை, ஹார்மோன் கோளாறு கிடையாது.

இனி கணக்கு. நூற்றுக்கு 90 முதல் 95 படுத்ததும் இலையை நிறுத்துங்க. அதற்கு முன்னால், பாதிக்கு மேல் படுத்த நிலையில் வலையை விரித்து மேலே பிஞ்சு இலை போடுங்க. தண்டு முறை (இலையைத் தண்டோடு போடுவது) என்றால் புதுத் தண்டைக் குறுக்காகப் போடுங்க. இன்னும் தின்கிறது மட்டும் மேலே ஏறும். ஏறினதை வலையோடு தூக்கித் தனித் தட்டில் வைத்து, இடம் தாராளமாக விட்டு, நல்ல இலையை அடிக்கடி போட்டுத் தனி பேட்ச் மாதிரி நடத்துங்க. அவை எட்டு, பத்து மணி நேரம் பிந்திப் படுக்கும். பிந்தட்டும். பிந்தினது பிந்தினதோடு சேர்ந்து எழுந்தால் போதும்.

படுத்த தட்டில் நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் துணியில் கட்டி மெல்லிசாகத் தட்டுங்க, மிச்ச இலை காயட்டும். காற்று ஓட விடுங்க. 25 டிகிரி பக்கம் வெப்பம், ஈரம் 70 சதவீதத்துக்குக் கீழே. நாலாம் ஜுரம் 24 முதல் 30 மணி நேரம் எடுக்கும். நூற்றுக்கு 95 எழுந்த பிறகே முதல் இலை. முன்னால் எழுந்தது சில மணி நேரம் பசியில் கிடந்தால் கெடாது. அதற்கு மட்டும் இலை போட்டால் அஞ்சாம் பருவம் முழுக்க இரண்டு சைஸ் தொடரும். இலைக்கு முன்னால் படுக்கைக் கிருமிநாசினி தூவ மறக்காதீங்க. அப்போதுதான் எழுந்த புழு பலவீனமாக இருக்கும், பால்புழு நோய் எளிதில் பிடிக்கும்.

எல்லைத்தட்டு · ஜூன் 5, பகல் 2.30

தோலுரிப்பு என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். உரிப்பது கடைசி சில நிமிட வேலை. தோல் பிரிவது புழு படுத்த கொஞ்ச நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். மேல்தோல் செல்கள் பழைய தோலை விட்டு விலகும், இடைவெளியில் உரிப்புத் திரவம் நிறையும். அதில் கைட்டினையும் (தோலுக்குப் பலம் தரும் பொருள்) புரதத்தையும் கரைக்கும் நொதிகள் இருக்கும், ஆனால் முதலில் செயலற்ற வடிவில். புதுத் தோலின் மேல் அடுக்கு போட்டு முடித்த பிறகுதான் அவை விழிக்கும். இல்லாவிட்டால் புதுத் தோலையும் சேர்த்துக் கரைத்துவிடும். பழைய தோலின் உள்பகுதியில் பெரும்பங்கைக் கரைத்து உறிஞ்சிக்கொண்ட பிறகு மிஞ்சும் சருகுதான் நாம் தட்டில் பார்ப்பது. மூச்சுக்குழாய்களின் உள்தோலும் கூடவே உருவிக்கொண்டு வரும். இந்த ஒவ்வொரு படிக்கும் தனி மரபணு, தனி நேரம். கைட்டினேஸ் நொதியின் மரபணு எக்டைசோன் ஏற்றத்தில் திறக்கும். தோலைக் கெட்டியாக்கி நிறம் கொடுக்கும் டோப்பா டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி இறக்கத்தில்தான் வரும். நேரம் தவறிக் கொடுத்த ஹார்மோன் இந்த வரிசையைக் கலைக்கிறது.

சாக்கி அறை · ஜூன் 5, இரவு 8.00

நாயுருவியில் எக்டைசோன் இருக்கு என்கிறார்களே. வரப்பெல்லாம் அதுதான். இடித்துச் சாறு எடுத்துப் பழுக்க வைக்க முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

எல்லைத்தட்டு · ஜூன் 5, இரவு 8.25

இருக்கு, உண்மைதான். ஸ்பினாச் கீரையிலும் இருக்கு. செடி இதைச் செய்வதே தன்னைத் தின்னும் புழுவின் கணக்கைக் குழப்பத்தான். ஆனால் வேரில் ஒரு அளவு, விதையில் ஒரு அளவு, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. சாற்றில் கூடவே சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் வரும், புழு இலையையே ஒதுக்கும். அளவு தெரியாத ஹார்மோனை விற்கப் போகும் கூட்டின் மேல் ஊற்ற வேண்டாம். அளந்து அடைத்து விற்பதை, லேபிளில் உள்ள தண்ணீர் கணக்குப்படியே கலக்குங்க.

எல்லைத்தட்டு · ஜூன் 7, காலை 6.10

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆந்திராவில் வி.கோட்டா, பலமநேர் பக்கமும் இந்தப்பக்கமும் மல்பெரிக்குப் பக்கத்து நிலம் தக்காளி, மிளகாய், கத்தரி. அங்கே அடிக்கிற மருந்தில் சிலது நேராக இந்த ஹார்மோன் வழியிலேயே வேலை செய்கிறது. காற்றில் வந்து நம்ம இலையில் உட்கார்ந்தால் பிடிபடாது.

பைரிப்ராக்ஸிஃபென்: வெள்ளை ஈக்கு அடிப்பது. ஜுவனைல் ஹார்மோன் மாதிரி நடிக்கும். புழு சாகாது. அஞ்சாம் பருவத்தில் நன்றாகத் தின்னும், பெருக்கும், பத்தாம் நாளும் தின்னும், பழுக்காது. சந்திரிகையில் விட்டால் நூல் விடாமல் சுற்றும், அல்லது மெல்லிசாக ஒரு வலை போட்டுவிட்டு அதில் கிடக்கும். கே.ஆர்.-எச்.-1 மூடவே இல்லை, அதனால் பிராட் எழவில்லை. இத்தாலியில் பழத்தோட்டங்களுக்கு அடித்த ஃபெனாக்ஸிகார்ப் இதே மாதிரி நூல் விடாத புழுக்களை உண்டாக்கிப் பட்டு வளர்ப்பையே ஆட்டிவைத்தது. அதுவும் ஜுவனைல் போலி.

டெபுஃபெனோசைட், மெதாக்ஸிஃபெனோசைட்: எக்டைசோன் ஏற்பியில் உட்காரும், ஆனால் ஸ்டீராய்டு கிடையாது, உடம்பால் சீக்கிரம் அழிக்க முடியாது. தோலுரிப்பைத் தொடங்கு என்ற உத்தரவு வருகிறது, இறங்கு என்ற உத்தரவு வருவதில்லை. ஜுர நாள் வராமலே புழு தின்பதை நிறுத்தும், தலை ஓடு முன்னால் நழுவி மூக்குக் கவசம் மாதிரித் தொங்கும், அப்படியே சாகும். வேப்பனப்பள்ளி அண்ணா கேட்ட யோசனையின் கடைசிக் காட்சி இதுதான். அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களின் ஏற்பியில் இவை மிக நன்றாகப் பொருந்தும், பட்டுப்புழுவும் அந்த இனம்.

நோவாலூரான், லூஃபெனூரான்: இவற்றை ஹார்மோன் மருந்து என்று சிலர் சொல்வது தப்பு. கைட்டின் உருவாவதைத் தடுப்பவை. ஹார்மோன் சரியாக ஏறி இறங்கும், புதுத் தோல் மட்டும் பலமில்லாமல் இருக்கும். ஜுரத்தில் இருந்து எழும்போது தோல் கிழிந்து நீர் கசியும், உடம்பு கறுக்கும்.

எமாமெக்டின், குளோரான்ட்ரனிலிப்ரோல்: நரம்பு, தசை. அன்றைக்கே வாந்தி, சுருக்கம், முடக்கம். இது தெரிந்துவிடும்.

இதில் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், சந்தேகமான இலையை ஐம்பது புழுவுக்கு ஒரு நாள் போட்டுப் பார்க்கும் வழக்கம் கடைசி வகையைத்தான் காட்டிக்கொடுக்கும். ஜுவனைல் போலி அந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும். ஆறு, ஏழு நாள் கழித்துத்தான் பழுக்காத புழுவாக வெளியே வரும். அதனால் அடுத்த வயல் ஓரத்தில் நாலைந்து வரிசை இலையை அஞ்சாம் பருவத்துக்கு எடுக்காதீங்க. முடிந்தால் அந்தப்பக்கம் உயரமாக அகத்தி வேலி வையுங்க. பக்கத்து நிலத்துக்காரரிடம் என்ன மருந்து, என்றைக்கு என்று கேட்டு எழுதி வையுங்க. சண்டைக்காக இல்லை, அவருக்கும் நம்ம புழுவின் நாள் கணக்கு தெரிய வேண்டும்.

வேப்பனப்பள்ளித் தோட்டம் · ஜூன் 7, காலை 9.00

எழுந்தது. பெரிய தட்டுகள் ஏறக்குறைய ஒன்றாக, வலையில் ஏறினது பத்து மணி நேரம் பிந்தி. இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கேன். இவ்வளவு தூரம் வந்ததுக்கு இன்னொன்று: ஜுரத்தின்போது பட்டுச் சுரப்பி என்ன பண்ணும்?

எல்லைத்தட்டு · ஜூன் 7, இரவு 10.30

இது எனக்குப் பிடித்த பகுதி. ஃபைப்ராயின் என்ற பட்டுப் புரதத்தின் மரபணு, செல்லில் ஒரே ஒரு வேலைக்காகத் திறந்து கிடக்கும் மரபணுக்களில் பெரும் பேர் பெற்றது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்ய மரபணுவில் இருந்து எழுதப்படும் நகல்) தனியாகப் பிரித்து அடையாளம் கண்ட முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று, 1972-ல் சுசுகியும் பிரவுனும். அந்த மரபணு ஒவ்வொரு ஜுரத்திலும் மூடிக்கொள்ளும், எழுந்து தின்ன ஆரம்பித்ததும் மறுபடி திறக்கும். நாலாம் பருவத்தில் இருந்த செய்தி ஆர்.என்.ஏ.கூட ஜுரத்தில் அழிக்கப்பட்டு, அஞ்சாம் பருவத்தில் புதிதாக எழுதப்படும். அஞ்சாம் பருவத்தின் கடைசியில் பட்டுச் சுரப்பி உடம்பின் எடையில் 40 சதவீதம் வரை வரும், அந்த எடையில் பெரும்பங்கு கடைசி மூணு நாளில் ஏறுவது. புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நாலு பங்கு அஞ்சாம் பருவத்தில்தான்.

இதனால் பழுக்க வைக்கும் கரைசலை ஒரு நாள் முந்திப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். புழு ஒன்றாகத்தான் ஏறும். கூடு கட்டும். ஓடு மெல்லிசாக இருக்கும், மார்க்கெட்டில் விரலால் அழுத்திப் பார்த்தே விலையைக் குறைப்பார்கள்.

சாக்கி அறை · ஜூன் 8, காலை 7.15

மூணே ஜுரத்தில் பழுக்கிற புழு உண்டு என்று கேள்விப்பட்டது நிஜமா?

எல்லைத்தட்டு · ஜூன் 8, காலை 7.50

நிஜம். கார்ப்பொரா அலாட்டாவை அறுத்து எடுத்தால் சின்னப் புழுவே கூடு கட்டும், 1930-களிலேயே பிரான்சில் பூனியோல் காட்டியது. இமிடசோல் வகைச் சேர்மங்கள் கொடுத்தும் ஜப்பானில் மூணு ஜுரப் புழு செய்தார்கள், நூல் மிக மெல்லிசாக வரும் என்பதற்காக. பிறவியிலேயே ஜுரம் குறைந்த ரகமும் உண்டு. மோட் என்ற அந்த ரகத்தில் ஜுவனைல் ஹார்மோனைச் செய்யும் கடைசிப் படிகளில் ஒரு நொதியின் மரபணு, சி.ஒய்.பி.15சி1, கெட்டுப்போயிருக்கு என்று 2012-ல் ஜப்பானில் கண்டார்கள்.

ஆனால் இதிலும் எனக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கு. ஜூன் 4 இரவு நான் எழுதியதைப் படித்தால், ஜுவனைல் போன உடனே எந்தப் புழுவும் கூட்டுப்புழுவாகிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஜுவனைல் வழியை மரபணு அளவில் முழுக்க அடைத்த புழுக்களும் முதல் இரண்டு பருவத்தில் சாதாரணமாகவே தோல் உரித்தன. மூணாம் பருவம் வந்த பிறகே முன்கூட்டி உருமாறத் தொடங்கின. அந்தத் தகுதி ஜுவனைலைத் தாண்டிய வேறொன்றால் வருகிறது. அதனால் ‘ஜே.எச். இருக்கு, புழு, இல்லை, கூட்டுப்புழு’ என்று சுவரில் எழுதி வைக்கும் அளவுக்கு எளிமையாக்க வேண்டாம்.

எல்லைத்தட்டு · ஜூன் 8, காலை 8.05

பின்தங்கலுக்கு வேர் எங்கே என்பதை விட்டுவிட்டேன். நாலாம் ஜுரத்தில் தெரிகிற பத்து மணி நேர வித்தியாசம் பெரும்பாலும் பொரிப்பு நாளிலேயே ஆரம்பித்தது. முட்டையில் தலை கறுத்து நீல நிலை வந்ததும் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்து, பொரிக்கும் நாள் விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டு, மூணு மணி நேரத்தில் பெரும்பாலும் பொரித்துவிடும். இரண்டு நாள் பொரிப்பை ஒரே தட்டில் தூரிகையால் தள்ளினால் பிறகு எந்த ஹார்மோனும் சேர்த்து வைக்காது. சாக்கி சென்டரில் (இளம் புழுவை வளர்த்துத் தரும் இடம்) வாங்குபவர்கள் இரண்டாம் ஜுரம் எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு முதல் இலை போட்டார்கள் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்க.

வேப்பனப்பள்ளித் தோட்டம் · ஜூன் 13, காலை 6.00

பெரிய தட்டில் நூற்றுக்கு நாலைந்து பழுத்துத் தெரியுது. பிந்தின தட்டில் ஒன்றுகூட இல்லை. பாட்டிலை இப்போது திறக்கலாமா?

எல்லைத்தட்டு · ஜூன் 13, காலை 6.20

பெரிய தட்டுக்கு இன்னும் ஒரு வேளை வெறும் இலை போடுங்க. பத்துப் பக்கம் வந்ததும் கலக்குங்க. இலை நனைந்து சொட்டாமல் இருபுறமும் படும்படி தெளித்து, நிழலில் ஈரம் போனதும் போடுங்க. ஒரே வேளை, படுக்கை முழுக்கச் சமமாக. தின்று தீர்ந்த பிறகு பசி தெரிந்தால் வெறும் இலை மெல்லிசாக. சந்திரிகையை இப்போதே வெயிலில் காயவைத்துத் தயாராக வையுங்க, நாளைக் காலையில் எல்லாம் ஒன்றாகக் கேட்கும், ஆள் போதாது.

பிந்தின தட்டுக்கு இன்றைக்குத் தெளிக்கவே வேண்டாம். அதிலும் நூற்றுக்குப் பத்துப் பழுக்கட்டும். போன பேட்ச் பாட்டில் என்றீங்க, திறந்து எத்தனை நாள் ஆச்சு? தண்ணீர் கலந்து வைத்ததாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதுசு வாங்குங்க.

வேப்பனப்பள்ளித் தோட்டம் · ஜூன் 13, காலை 6.35

கலக்காதது, மூடி இறுக்கமாக இருந்தது, தேதி இருக்கு. பிந்தினதுக்கு நாளை மறுநாள் பார்க்கிறேன்.